பார்த்தால்தான் கோடு

வண்டி தாண்டிய பிறகுதான் அந்த அக்கா கோடு போடுவாள். தூரத்தில் வருவது தென்காசி பஸ் என்று ஹாரன் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் பென்சிலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு டெலிபோன் கம்பம். எதிர்ப்பக்கம் ஒரு புளியமரம். கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சாலையின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பதாக அவள் மனசில் வைத்திருந்தாள். அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால்தான் பஸ்ஸுக்குக் கணக்கில் இடம்.

"பஸ்ஸுதானக்கா, போட்டுருங்க" என்பேன்.

"வரட்டும் சார். டயரு பஞ்சராகி அங்கனயே நின்னுட்டுன்னா?"

"நின்னாலும் அது பஸ்ஸுதான?"

"இங்கன தாண்டலைல்லா. பாத்தாத்தான் கோடு."

இதற்கு மேல் அவளோடு என்ன பேச? டீயைக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, சாலை வேலைகளுக்கு அளவும் கணக்கும் எடுத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்த மேற்பார்வையாளனாக இருந்தேன். மேற்பார்வையாளன் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணுகிறவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பது, வெயிலில் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வது, தாள்களைச் சேர்த்து மதுரை அலுவலகத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான். தென்காசிக்குப் போகும் சாலையை நான்கு வழியாக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் எந்த வண்டி எத்தனை போகிறது என்று தெரிய வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைத் தினக்கூலிக்குப் பிடித்து சாலையோரம் உட்கார வைத்திருந்தோம்.

பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊர் அக்காவுடையது. ஊர் சாலைக்கு வடக்கே. வயலும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் தெற்கே. சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில்தான் அவளை உட்கார வைத்தேன். அதற்கு முன்னால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காயும் மிளகாயும் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள். சொத்தையைத் தனியே எறிந்து பழகிய கை. நாலு கோட்டை நட்டமாக நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, கீரைக்கட்டு மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டே போவாள். அவள் தாளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தாளில்தான் வம்பும் வரும். ஒரு நாள் ஒரு வரிசையை அப்படியே காலியாக விட்டு, பக்கத்தில் 'பத்தே கால் முதல் பத்தரை வரை நான் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தாள். சாலையோரம் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. வீடு வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். மற்றவர்களும்தான் எழுந்து போகிறார்கள். ஆனால் திரும்பி வந்து உத்தேசமாக நாலைந்து கட்டுகளைப் போட்டுவிடுவார்கள். நான் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பார்த்து நடுவில் சுமாராக ஒரு கணக்கை எழுதி வைத்தேன். மறுநாள் காலையில் பழைய தாள்களைப் புரட்டியவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சார், இது யாரு எழுதுனது?"

"நான்தான். காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாதுக்கா."

"அந்நேரம் நீங்க இங்கன இருந்தீயளா?"

"இல்ல. ஒரு உத்தேசம்தான்."

"நான் பாக்கல, நீங்களும் பாக்கல. அப்ப இந்த லாரியெல்லாம் யாரு பாத்தா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "எண்ணதுக்குத்தான் உங்களுக்குக் கூலி, கேள்வி கேக்கதுக்கு இல்ல" என்று கத்தினேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் எழுதியதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'சார் எழுதியது' என்று சின்னதாக எழுதிவிட்டு, பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்த வட்டத்தை அழிக்க ரப்பர் வாங்க நான் கடைக்குப் போனேன்.

அவள் குணம் ஊருக்கே தெரிந்ததுதான். ஒரு தடவை இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் ஆடு காணாமல்போன தகராறு. இரண்டு பேரும் வேலை இடத்துக்கே வந்து இவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "ஆடு ஓடுனதைப் பாத்தேன். அவுத்து விட்டது யாருன்னு பாக்கல" என்றாள். "அவந்தான் அவுத்தாம்னு ஊரே சொல்லுது, ஒனக்கு என்னட்டி?" என்று அவள் மாமனார் முறைக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். "ஊரு பாத்திருந்தா ஊரு சொல்லட்டும் மாமா." அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். இவள் புருஷன் முந்தின நாள் குடித்திருந்தானா என்று யாரோ கேலியாகக் கேட்டதற்குக்கூட, "குடிச்சதை நான் பாக்கல. வாடை வந்துச்சு" என்றாள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிக்கிற இடத்தில் நான் இல்லை.

எங்கள் கணக்குத் தாளில் கார், பஸ், லாரி, டெம்போ, பைக், சைக்கிள், மாட்டுவண்டி என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. முதல் நாளே அவள் கேட்டாள், "நடந்து போறவுகளை எதுல சார் போடட்டும்?"

"அவங்க வண்டி இல்லையேக்கா."

"அவுகளும் ரோட்டைத்தான தாண்டுதாவ?"

கம்பெனி கொடுத்த தாளில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கோடு. வயலுக்குப் போனவர்கள், புல்லுக்கட்டோடு திரும்பியவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ரேஷன் கடைக்குப் போன ஆச்சிகள், மார்க்கெட் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கி எதிர்ப்பக்கம் போனவர்கள், ஒருவர் விடாமல். மாசி மாதத்து மூன்று நாட்கள், மூன்று தாள், மூன்றிலும் பின்பக்கம் நிறைந்திருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். தாள்களை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டேன்.

மாசிக் கணக்கு மதுரை அலுவலகத்துக்குப் பிடிக்கவில்லை. வண்டி போதாது. நான்கு வழி எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் வம்பு. ஆனி மாதம் ஒரு நாள் அலுவலகத்துப் பெரியவர் போன் செய்தார்.

"தம்பி, குத்தாலத்துல தண்ணி விழுதா?"

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரன் எவனுக்கும் வருகிற போன்தான் இது. சொந்தக்காரன், கூடப் படித்தவன், பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவன்கூடப் பண்ணுவான். இவரும் குளிக்க வரப்போகிறார், அறை எடுக்கச் சொல்வார் என்று நினைத்து, "ஐந்தருவில அஞ்சுலயும் விழுது சார்" என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழமை ஆளுகளை உக்கார வச்சு இன்னொரு கணக்கு எடுத்துரு. தாள்ல சீசன்னு எங்கயும் எழுதிராத."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலையே தெரியவில்லை. காரும் வேனும் சுற்றுலா பஸ்ஸும் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஜன்னலெல்லாம் ஈரத்துண்டு. சாரல் தாளை நனைத்துவிடாமல் அக்கா முந்தானைக்குள் அட்டையை வைத்து எழுதினாள். மத்தியானத்துக்குள் அவள் விரல் வீங்கிவிட்டது.

"இது நம்ம ரோட்டுக் கணக்கு இல்ல சார், அருவிக் கணக்கு. அங்கன தண்ணி நின்னா இங்கன இவ்வளவும் நின்னுரும்" என்றாள்.

"எண்ணச் சொன்னாங்க, எண்ணுவோம்க்கா."

"எண்ணுதேன். பாத்ததை எண்ணத்தான வந்திருக்கேன்."

அன்றைக்குத் தாளின் பின்பக்கம் ஏழெட்டுக் கோடுதான் இருந்தது. விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை. இந்த வண்டி வெள்ளத்தில் குறுக்கே போக யாருக்குத் தைரியம்? அடியில் அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள்: 'இன்றைக்கு எங்கள் ஊர் ஆட்கள் தாண்டவில்லை. குற்றாலத்து வண்டிக்குப் பயந்து வீட்டில் இருக்கிறார்கள்.'

சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டாள், "நாலு வழி வந்தா நடுவுல செவுரு வச்சிருவாவளாமே சார்? எங்க விலக்குல ஒரு வழி விடுவாவளா?"

"கண்டிப்பா விடுவாங்க. நீங்கதான் எண்ணி வச்சிருக்கீயல்லா, அதைக் காட்டுனாப் போதும்."

"ரோடு வேண்டாம்னு சொல்லல சார். எம் மவன் லோடு வண்டி வாங்கணும்ங்கான். நல்ல ரோடு கெடந்தா புளியரை ஏறி கேரளாவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நடை அடிக்கலாம்லா. நாங்களும் பொழைக்கணும். அங்கனயும் இங்கனயும் போய்வர ஒரு வழி மட்டும் விட்டுட்டாப் போதும்."

"நான் பொறுப்புக்கா" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விலக்கில் வழி விடச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். பெரியவர் மறுபடியும் போன் செய்தார். "ஒவ்வொரு விலக்குலயும் வழி விட்டா அது நாலு வழிச்சாலையா, சந்தைக்கடையா? அந்த இடத்துல எத்தனை பேர் நடந்து தாண்டுறாங்கன்னு ஒரு தாள் அனுப்பு. கம்மியா இருந்தா நல்லது." அதே மூச்சில், என்னை நிரந்தரமாக்குவது பற்றி மேலே பேசியிருப்பதாகவும் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் புத்தி ரொம்பக் கூர்மை.

என்னிடம் மாசி மாதத்து மூன்று தாளும் இருந்தன. சாரல் ஞாயிற்றுக்கிழமைத் தாளும் இருந்தது. பாவூர்சத்திரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஞாயிற்றுக்கிழமைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, அக்கா எழுதிய இரண்டு வரி மறைகிற மாதிரி அடிப்பக்கத்தை மடித்து, விரலால் நன்றாக நீவிக் கொடுத்தேன். கடையில் இருந்த பெண், "சார், கீழ மடங்கியிருக்கு. என்னமோ எழுதியிருக்கே" என்றாள்.

"அது வேண்டாம்மா. அப்படியே எடு."

எடுத்துக் கொடுத்தாள். அதை மதுரைக்குத் தபாலில் போட்டேன். பக்கத்துக் கடையில் சர்பத் குடித்துவிட்டு பைக்கை எடுத்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

சாலை வந்தது. குறை சொல்ல முடியாத சாலை. பாவூர்சத்திரத்துத் தக்காளி வாடுவதற்குள் மலை தாண்டிப் போகிறது. நெஞ்சுவலிக்காரனைத் திருநெல்வேலிக்கு உயிரோடு கொண்டுசேர்க்க முடிகிறது. என் அப்பாவையே அப்படித்தான் கொண்டுபோனேன். சாலையோரம் ஓட்டல் வந்தது, கல்யாண மண்டபம் வந்தது. வயல்களில் கல் ஊன்றி கலர்க்கொடி கட்டி மனை போட்டார்கள். நானும் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நெல் நின்றதை நான் பைக்கில் போகும்போதெல்லாம் பார்த்தவன். சாரல் நாட்களில் வண்டிகள் இன்னும் கூடிவிட்டன. மலைக்காற்று இறங்கி வருகிற வழியெல்லாம் டீசல் வாடை.

மரங்களுக்கு வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டு வெட்டியபோது அக்காவின் புளியமரமும் போனது. அன்றைக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். விலக்கில் நின்றுகொண்டிருந்தவள், "இனி எதுல சார் கயிறு கெட்டுதது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதன் பிறகு அந்த விலக்கு வந்தால் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர், வழி இல்லை. முறையாக எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் ஒரு மைலுக்கு மேல் நடந்து, திரும்பி, அதே தூரம் வர வேண்டும். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு யார் நடப்பார்கள்? சுவர் ஏறிக் குதித்தார்கள்.

இந்த வருஷம், சாலை போட்ட பிறகு எத்தனை வண்டி போகிறது என்று ஒரு கணக்கு எடுக்கச் சொல்லி எங்கள் கம்பெனிக்கே வந்தது. இப்போது நான் நிரந்தரம், என் கீழே நாலு பேர். அந்த விலக்குக்கு மட்டும் வேறு யாரையாவது போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனால், ஆட்கள் நின்ற வரிசையில் அக்கா நிற்கிறாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. "என்ன சார், ஆளே மாறிட்டீய, தொப்பை வச்சிட்டு" என்று சிரித்தபடி வந்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"கால்ல என்னக்கா?"

"செவுரு ஏறி எறங்கும்போது பைக்கு தட்டிட்டு. அந்தப் பையலைச் சொல்லிக் குத்தமில்ல சார். செவுத்துல இருந்து ஒரு பொம்பள குதிப்பான்னு அவன் கண்டானா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். ஆனால் வந்தது இது: "நம்ம கணக்கை மேல யாரும் பாக்கல போலக்கா. பாத்திருந்தா வழி விட்டிருப்பாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்படியா சார்" என்றாள். பிறகு, இப்போது தள்ளி நட்டிருந்த கம்பத்தடியில் போய் உட்கார்ந்தாள். எதிரே மரம் இல்லை. ஒரு மனைக்காரனின் விளம்பரப் பலகைக் காலை அடையாளமாக வைத்துக்கொண்டு பென்சிலைத் தூக்கிப் பிடித்தாள்.

சாயங்காலம் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பினேன். சுவர் ஏறித் தாண்டியவர்களுக்குத் தனி, சுற்றிப் போனவர்களுக்குத் தனி. சுவர் ஏறியவர்கள் பக்கம்தான் நிறைந்திருந்தது. எப்போதும் அடியில் எழுதுகிறவள் இந்தத் தடவை உச்சியில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இங்கே வழி இல்லை. அப்படியும் தாண்டுகிறார்கள்.'

"என்னக்கா, மேல எழுதியிருக்கீய?"

"கீழ எழுதுனா மடங்கிருது சார்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. சரக்குக்கு விலை சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

"ஜெராக்ஸ் கடைல இருந்தது எங்க நாத்தனா மவதான். அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டா."

"அக்கா..."

"நீங்க மடிச்சதை நான் பாக்கல சார். அதான் ஊருக்குள்ள யார்ட்டயும் சொல்லல. கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கையில எம் மவன்கூடக் கேட்டான், 'ஒங்க சார் கணக்கைக் குடுத்தாரா இல்லியா'ன்னு. பாக்காததை நான் எப்படிச் சொல்லுதது?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் ஒரு யோக்கியதை வேண்டாமா?

"நீங்க பாத்தீயல்லா" என்றாள். தாளின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் சின்னதாக 'சார் எழுதியது' என்று எழுதியிருந்தாள். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

பென்சிலை என் பைக் சீட்டின் மேல் வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சாலைக்குப் போனாள். எதிர்ப்பக்கம் அவள் மாடு நின்றது. வண்டிகள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து நடுவில் போய், நல்ல காலைச் சுவர்மேல் போட்டு, கெட்ட காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு சுற்றுலா வேன் ஹாரன் அடித்துக்கொண்டே அவளை ஒட்டிப் போனது. அது போனதும் தாண்டிப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் எழுதிக்கொள்ளாத அந்த ஒரு தாண்டலுக்கு நான் பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். அதை என் கண்ணால் பார்த்தேன்.

தாள் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. மாசி மாதத்து மூன்று தாளையும் பீரோவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் திங்கட்கிழமை மதுரைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பற்றியும் கேட்பார்கள், என் வேலை போய்விடும். அக்காவைப் பற்றி இவ்வளவும் எழுத முடிந்தது. வட்டத்துக்குள் ஒரு வரி எழுத இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.